நண்டு சிண்டு முதல் தாத்தா பாட்டி வரை: மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் போய்வருவது எப்படி?

சென்னையில் இருந்துகொண்டு, இரண்டு வயதுக் குழந்தையோடு சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் மாமல்லபுரம் என்றுதான் சொல்வேன். ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி வளைவு கிடையாது என்பதால் குழந்தை வாந்தி எடுக்கும் தொல்லை குறைவு. தாத்தாவுக்குச் சரித்திரம், பாட்டிக்குக் கோயில், வாண்டுகளுக்குக் கல் யானையும் கடலும்.

ஆனால் பத்துப் பேர் கிளம்பும்போது, பத்துப் பேருடைய ஆசையையும் குழந்தையின் தலையில் கட்டிவிடுகிறோம். அன்றைக்குக் கடிகாரம் குழந்தையின் பசியும் தூக்கமும்தான். அதைச் சுற்றி மற்றவர்களின் ஆசைகளை அடுக்கினால் எல்லாருக்கும் நல்லபடியாக அமையும். முதல் முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக, ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: தேதியும் ஆளும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் காணும் பொங்கல் அன்று அந்தப் பக்கமே வேண்டாம். கூட்டத்தில் பெரியவர்களே தொலைந்துபோவார்கள். முடிந்தால் வார நாள், இல்லையென்றால் சனிக்கிழமை. ஞாயிறு மாலை ஈ.சி.ஆரில் சென்னை திரும்பும் வண்டிகளின் வரிசையில், தூக்கம் கலைந்த குழந்தையோடு மாட்டிக்கொள்வது பெரும் சோதனை.

வாட்ஸ்அப் குழுவில் "எப்போ போகலாம்?" என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சு முடிவே காணாது. "வர்ற சனிக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்குத் திருவான்மியூர்ல இருந்து கிளம்பறோம், யார் யார் வர்றீங்க?" என்று கேளுங்கள். ஐந்தே முக்காலா என்று நாத்தனார் மலைப்பார். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாறைகளைப் பார்த்து முடிக்க வேண்டும், அதனால்தான் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: வண்டி

வேனோ காரோ, முன்பதிவு செய்யும்போதே பின்சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். குழந்தைக்கான சீட் வைத்திருந்தால் அதை எடுத்துவந்து பின்சீட்டில் பொருத்துங்கள். "மடியில வெச்சுக்கறேன், அதுக்கென்ன?" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் திடீரென்று பிரேக் போட்டால், மடியிலிருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தக் கைக்கும் இல்லை. முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மாமனார் மனம் கோணினாலும் பரவாயில்லை, விட்டுக்கொடுக்காதீர்கள்.

நண்பர் குடும்பம் பைக்கில் வருகிறேன் என்றால் அவர்களையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தை பைக்கில் போனால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஈ.சி.ஆரில் லாரியும் பஸ்ஸும் பறக்கும் வேகத்துக்கு நடுவே அப்படிப் போவது நிம்மதியாக இருக்காது.

கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு வாய் போதும், மீதி போய்ச் சேர்ந்த பிறகு.

படி 3: பை

எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் திணிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். பெரியது வண்டியிலேயே இருக்கட்டும்: மாற்றுத்துணி, கூடுதல் டயப்பர், குடிநீர் கேன், சாப்பாடு. சின்னது தோளில்: இரண்டு டயப்பர், ஈரத்துணி, தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு வாழைப்பழம், அழுக்கு டயப்பரைக் கட்டி எடுத்துவரக் காலிப் பைகள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உருட்டு வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மணலிலும் பாறைப் படியிலும் அது நகராது, கடைசியில் குழந்தை ஒரு கையில், வண்டி மறு கையில் என்று ஆகும்.

அதற்குப் பதிலாக ஒரு பழைய பருத்திப் புடவை. விரித்தால் பாய், மடித்தால் தலையணை, தலைக்கு மேல் பிடித்தால் நிழல், போர்த்திக்கொண்டால் பால் கொடுக்க மறைப்பு. பாட்டி புடவை என்றால் அந்த வாசத்துக்கே குழந்தை அடங்கும்.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப் பொடி இல்லாமல் நெய் தடவிய இட்லி, சின்ன டப்பாவில் பருப்புச் சாதம். வேர்க்கடலை, முழு சுண்டல், முழு திராட்சை இந்த வயதுக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். கடற்கரையில் சித்தப்பா பாசத்தோடு சுண்டல் வாங்கி ஊட்ட வருவார். காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவைத்தால் அப்போது சங்கடப்பட வேண்டியிருக்காது.

நண்பர் வீட்டிலும் அதே வயதுக் குழந்தை இருந்தால், ஒரே நிறத்தில் இரண்டு பந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறம் என்பது முக்கியம்.

படி 4: முதலில் ஐந்து ரதம்

போய்ச் சேரும்போது மணி ஏழுக்குள்தான் இருக்கும். நேராக ஐந்து ரதத்துக்குப் போங்கள். அது திறந்த மணல் வெளி, நிழல் குறைவு. பத்து மணிக்கு மேல் குழந்தையின் கால் மணலில் சுடும், காலையில் அதே மணல் சில்லென்று விளையாட்டுத் திடலாக இருக்கும். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. இங்கே வாங்கும் சீட்டு அதே நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

தாத்தா இங்கே ஆசிரியராகிவிடுவார். கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த ரதங்கள், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை என்று அவர் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் குழந்தையை நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கல் யானையிடம் கூட்டிப் போங்கள். கிட்டத்தட்ட நிஜ யானை அளவு. அதைப் பார்த்தால் அடுத்து சிங்கம், அப்புறம் நந்தி. அந்த மூன்றும் குழந்தைக்குப் போதும். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து காலைச் சாப்பாடு.

படி 5: அர்ஜுனன் தபசு, குழந்தையின் கண்ணால்

இதற்குத்தான் நான் மாமல்லபுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரியவர்கள் இந்தப் பெரிய சிற்பப் பாறையின் முன் நின்று, இது அர்ஜுனன் தவமா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதன் தவமா என்று பேசுவார்கள். குழந்தைக்கு அது ஒரு பெரிய படப்புத்தகம். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மேலிருக்கும் தேவர்களை விட்டுவிட்டுக் கீழிருந்து தொடங்குங்கள்.

முதலில் பெரிய யானை. அதன் காலடியில் குட்டி யானைகள் நிற்கும். "அம்மா யானை எங்கே? பாப்பா யானை எங்கே?" என்று கேளுங்கள், குட்டி விரல் நீளும். அதை ஒட்டிக் கீழே ஒரு பூனை இருக்கிறது. பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பொய்த் தவம் என்றெல்லாம் விளக்க வேண்டாம். "பூனை எப்படி நிக்குது?" என்று கேட்டால் போதும், குழந்தை இரண்டு கையையும் மேலே தூக்கும். என் மகள் அன்று முழுக்க, சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட, பூனை மாதிரியே கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்ளே ஒருவர் பசுவிடம் பால் கறப்பார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். காலையில் பால் குடித்துவிட்டு வந்த குழந்தைக்கு இதைவிட நன்றாகப் புரியும் சிற்பம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த இரண்டு இடத்துக்கும் நிதானமாக ஒரு மணி நேரம் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பெரிய உருண்டைப் பாறைக்குப் போனால், அது நிற்கும் சரிவுப் பாறையில் பெரிய பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். வழவழப்பான பாறை அது. நம் குழந்தைக்குச் சமதளத்தில் நின்று ஒரு போட்டோ போதும். மேலே கலங்கரை விளக்கம் பக்கம் ஏற ஆசைப்படும் இளவட்டங்கள் தனியாகப் போய்வரட்டும். எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு இந்த ஓட்டல் வாசலில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்துவிடுங்கள்.

படி 6: "பாப்பா இப்போ யார்கிட்ட?"

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குழந்தையோடு இரண்டே பேர் போனால் இருவரும் கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வோம். பத்துப் பேர் போகும்போதுதான் குழந்தை கையைவிட்டு நழுவும். அம்மா, அத்தையிடம் இருக்கிறது என்று நினைப்பார். அத்தை, சித்தியிடம் என்று நினைப்பார். சித்தி போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

அதனால் குழந்தையைக் கைமாற்றும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும், வாங்குகிறவர் பதில் சொல்ல வேண்டும்.

"அத்தை, பாப்பா உங்ககிட்ட. நான் டிக்கெட் வாங்கப் போறேன்."

"சரிம்மா, என்கிட்ட இருக்கா. நீ போய்ட்டு வா."

பதில் வராமல் நகரக் கூடாது. வாங்கியவர் அரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது, போட்டோ எடுப்பது வேறு ஒருவர் வேலை. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறினால் யாருக்கும் களைப்பு தெரியாது. தாத்தா பாட்டிக்கு, குழந்தை உட்கார்ந்து விளையாடும் நேரத்தைக் கொடுங்கள். ஓடும் நேரம் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும். முட்டிவலி உள்ளவரை மணலில் குழந்தையின் பின்னால் ஓடவிடுவது இருவருக்குமே ஆகாது.

காலையில் கிளம்பும்போதே குழந்தையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கூட்டத்தில் தேட நேர்ந்தால் "என்ன சட்டை போட்டிருந்தது?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது. கைமணிக்கட்டில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108. இரண்டும் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

படி 7: சாப்பாடும் தூக்கமும்

குழந்தைக்கு பதினொன்றரைக்கே சாப்பாடு. பெரியவர்களின் இலை வரும்வரை காத்திருந்தால் பசி அழுகையாக மாறி, யாருமே நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புச் சாதத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். மதியத்துக்குள் அது முடிந்துவிட வேண்டும், வெயிலில் கெட்டுப்போகும். ஓட்டலில் கேட்பதென்றால் சூடான சாதமும் ரசமும்.

அப்புறம் தூக்கம். இரண்டு, மூன்று குடும்பம் பங்கு போட்டால் பகலுக்கு மட்டும் ஒரு அறை எடுப்பது கட்டுப்படியாகும். ஒரு நாள் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பன்னிரண்டரை முதல் மூன்று வரை குழந்தை தூங்கும், தாத்தா பாட்டியும் கால் நீட்டுவார்கள். டயப்பர் மாற்ற, குளிப்பாட்ட, சுத்தமான கழிப்பறைக்கு எல்லாம் அந்த அறைதான். பயணத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்ற மாமியாரின் கேள்வி, மூன்று மணிக்குக் காபி குடித்த பிறகு வராது.

அந்த நேரத்தில் சரித்திரத்தில் ஆர்வமுள்ளவர்கள் வடக்கே சாளுவன்குப்பம் போய்வரலாம். புலிக்குகையும், 2004 சுனாமிக்குப் பிறகு அகழ்ந்தெடுத்த செங்கல் முருகன் கோயிலும் அங்கே இருக்கின்றன.

படி 8: மாலை, கடல்

நாலு மணிக்குக் கடற்கரைக் கோயில். காலையில் வாங்கிய சீட்டே போதும். சுற்றிலும் புல்வெளி, குழந்தை ஓட நல்ல இடம்.

அலை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தக் கரையில் அலை வேகமாக அடித்து, காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். குழந்தையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். அலை தொடாத ஈர மணலில் உட்கார வைத்து, ஒரு டப்பாவில் கடல் தண்ணீர் மொண்டு வந்து கொடுங்கள், அரை மணி நேரம் அசையாது. கடலுக்கும் குழந்தைக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முகம் குழந்தையைப் பார்த்து.

படி 9: திரும்புதல்

ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். வண்டியில் ஏற்றும் முன் நல்ல தண்ணீரில் கால், கை, தொடை இடுக்கு எல்லாம் கழுவித் துடையுங்கள். மணல் ஒட்டியபடி டயப்பர் போட்டால் வீடு சேர்வதற்குள் தோல் சிவந்துவிடும். இரவு உடையையே மாட்டி, கொஞ்சம் இட்லியோ பழமோ கொடுத்து சீட்டில் உட்கார வையுங்கள். வீட்டில் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிடலாம்.

வழியெல்லாம் ஒருவரே செலவு செய்து, அன்று இரவே கணக்கைக் குழுவில் போட்டு, ஜி-பேயில் வாங்கிக்கொள்ளட்டும். பெரியவர்களிடம் பங்கு கேட்பதா வேண்டாமா என்பதைக் கிளம்பும் முன்பே இளையவர்கள் பேசி முடித்துவிடுங்கள். மறுநாள் ஞாயிறு என்றால் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கும்.