குருத்தெலும்பு செல்லை அமுக்கிப் பாக்குறது எப்படி

குருத்தெலும்பு செல்லுக்கு அழுத்தம் நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் வராது, எந்தத் தாளத்துல எவ்ளோ நேரம்னு கேக்கணும். ஒரேடியா அமுக்கி வச்சா செல் புரோட்டியோகிளைக்கான் (குருத்தெலும்புல தண்ணியைப் பிடிச்சு வைக்குற, சர்க்கரைச் சங்கிலி ஒட்டின புரதம்) தயாரிக்கிறதைக் குறைச்சிடும், அதையே அமுக்கி விட்டு அமுக்கி விட்டு செஞ்சா பொதுவா கூட்டும். இதை அகரோஸ் (கடல்பாசிலேர்ந்து எடுக்குற பொருள்) ஜெல்லுக்குள்ள செல்லை வச்சுப் பாக்கலாம்.

முதல் விஷயம், பிளாஸ்டிக் பிளேட்டுல ரொம்ப பாசேஜ் பண்ணின, அதாவது பல தடவை பிரிச்சுப் புதுப் பிளேட்டுக்கு மாத்தி வளர்த்த செல்லை எடுக்காதீங்க. தட்டையா படர்ந்து வளரும்போது அது குருத்தெலும்பு குணத்தையே மறந்துடும், குருத்தெலும்புக்கு உரிய டைப் 2 கொலாஜன் (நார்ப் புரதம்) குறைஞ்சு டைப் 1 ஏற ஆரம்பிக்கும். மூட்டுலேர்ந்து கொலாஜினேஸ் (கொலாஜனைக் கரைக்குற நொதி) போட்டுப் பிரிச்ச புது செல்தான் பெஸ்ட்.

குறைஞ்ச சூட்டுலயே உருகி நிக்குற வகை அகரோஸை எடுத்து, உருக்கி, 40 டிகிரிக்கு கீழ ஆறவிட்டு செல்லோட கலக்குங்க, சூடா ஊத்தினா செல் வெந்துடும். கடைசில 2% அகரோஸ், மில்லிக்கு 1 கோடி செல்னு வச்சுக்கோங்க. வட்டமா வெட்டி, வைட்டமின் சி சேத்த மீடியத்துல (செல் வளர்க்குற சத்து திரவம்) சில நாளாவது விடுங்க. இதுல பொறுமை இல்லாம மறுநாளே அமுக்குறவங்கதான் அதிகம், ஆனா செல்லைச் சுத்தி டைப் 6 கொலாஜன் இருக்குற ஒரு மெல்லிய உறை உருவாகணும், நிஜ மூட்டுல அழுத்தம் செல்லுக்குப் போறதே அது வழியாத்தான்.

அப்புறம் ஜெல்லை மேலயிருந்து ஒரு தட்டால அமுக்குற மெஷின்ல வச்சு, 1 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு ஒரு தடவை, ஜெல்லோட உயரத்துல 10 லேர்ந்து 15% அமுக்கம், ஒரு மணி நேரம் ஓட்டுங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, ஜெல் போகப் போக தளர்ந்து குள்ளமாயிடும், மேல் தட்டு அதைத் தொடாமலே சும்மா ஆடிட்டிருக்கும், நீங்க லோட் போகுதுன்னு நம்பிட்டிருப்பீங்க (நானும் ஒரு வாரம் அப்படி ஏமாந்தேன்). அதனால விசை அளவு ஒவ்வொரு சுத்துலயும் பூஜ்யத்துக்கு இறங்குதான்னு பாருங்க, இறங்கினா தட்டை கொஞ்சம் கீழ இறக்குங்க.

ஒப்பிட்டுப் பாக்க கன்ட்ரோல் மூணு வேணும். சும்மா மிதக்குற ஜெல் ஒண்ணு, அசையாம அமுக்கி வச்சது ஒண்ணு, அமுக்காம மீடியத்தை மட்டும் கலக்கி விட்டது ஒண்ணு. மூணாவதை நிறைய பேர் விட்டுடுறாங்க, ஆனா குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, அமுக்கும்போது உள்ள வெளிய போற தண்ணியும் சத்தைக் கொண்டு வர உதவுது, அப்போ கூடினது தட்டோட அமுக்கத்தாலயா நல்ல சாப்பாட்டாலயான்னு எப்படிச் சொல்வீங்க?

செல்லுல அழுத்தத்தை உணருற எந்த சென்சார் வேலை செய்யுதுன்னு தெரியணும்னா பிளாக்கர், அதாவது அந்த சென்சாரை அடைக்குற மருந்து போடுங்க. சாதாரண அளவு அமுக்கத்துக்கு டிஆர்பிவி4 சேனலையும் (செல் சவ்வுல இருக்குற, அயனி போகுற வாசல்), செல்லைக் காயப்படுத்துற அளவு அமுக்கத்துக்கு பீசோ1, பீசோ2ங்கிற சேனல் ரெண்டையும் கால்சியம் நுழையுற வழியா 2014ல காட்டினாங்க. பீசோவை அடைக்க சிலந்தி விஷத்துலேர்ந்து எடுத்த ஜிஎஸ்எம்டிஎக்ஸ்4 இருக்கு.

அளக்கும்போது அக்ரிகான் (குருத்தெலும்போட முக்கிய புரோட்டியோகிளைக்கான்) ஜீன் எவ்ளோ வேலை செய்யுதுன்னு சில மணி நேரத்துலயே பாக்கலாம், புரோட்டியோகிளைக்கான்ல இருக்குற சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலியை அளக்க டிஎம்எம்பி சாயம், ஆனா அதுக்கு சில வாரம் தினமும் லோட் குடுக்கணும். அமுக்கும்போது பாதி சங்கிலி வெளிய கசிஞ்சிருக்கலாம், அதனால பழைய மீடியத்தைக் கொட்டிடாம எடுத்து வச்சு அதையும் சேத்து அளங்க.