கதாபாத்திரத்தின் அசைவில் ஆட்டிசத்தை வாசிப்பது எப்படி?

படம் என்றால் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் போனால்தான் கையும் தோளும் பேசுவது தெரியும். கை உதறுதல், முன்னும் பின்னும் ஆடுதல், நுனிக்காலில் நடத்தல் எதுவானாலும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதோடு சேர்த்துக் குறியுங்கள்.

குன்னூர் ரயில் நிலையத்தில் ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். நீராவி எஞ்சின் கூவியதும் ஒரு பெண் காதைப் பொத்துகிறாள். யாரும் செய்வதுதான். ரயில் போய் வெகுநேரமாகியும் தோள் இறங்கவில்லை. கட்டைவிரல் சால்வைக் குஞ்சத்தை ஒரே சீராக உருட்டுகிறது. வாசிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஊட்டிக் குளிரில் கை தேய்ப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதும் நம்மிடம் மரியாதைதான். அதே அசைவு கதகதப்பான அறையிலும், தனிமையிலும், முக்கியமாக மகிழ்ச்சியிலும் வருகிறதா? பலர் பதற்றத்தை மட்டும் தேடி, சந்தோஷத்தில் படபடக்கும் கைகளைத் தவறவிடுகிறார்கள். பெரிய இழப்பு அது.

கூட்டத்தில் அடங்கி, தனியறையில் அசைந்தால் அது மறைத்தலாக, அதாவது பிறர் முன் தன் ஆட்டிச இயல்பை அடக்கிக்கொள்வதாக இருக்கலாம். அசைவு மட்டும் போதாது: 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு சமூகத் தொடர்பில் உள்ள வேறுபாட்டையும் கேட்கிறது. ஆகவே இரண்டாம் முறை ஒலியோடு பார்த்து, உரையாடலில் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று கவனியுங்கள். குறைந்தது மூன்று காட்சிகளாவது ஒத்துப்போக வேண்டும்.