வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிக்கும் முறை: தினசரி வேத வாசிப்புக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களிலும், புதிதாகத் திறக்கப்படும் கடைகளின் முகப்பிலும் அடிக்கடி காணப்படும் வசனங்களுள் ஒன்று யோபு 8:7. துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்று அது சொல்கிறது. அதைச் சொன்னவன் சூகியனான பில்தாத். பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய பலனை அடைந்தார்கள் என்று பொருள்படப் பேசி (8:4), அதற்கு மூன்று வசனங்கள் கழித்து அவன் சொல்லும் ஆறுதல்தான் இது. நூலின் முடிவில் கர்த்தர், யோபின் சிநேகிதரில் மற்றொருவனான எலிப்பாசிடம், உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார் (42:7). அந்த இரண்டு சிநேகிதரில் ஒருவன் பில்தாத். யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான் (42:12). ஆனால் அது பில்தாத் போட்ட கணக்கின்படி நடந்ததன்று.

சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்ற வேண்டும் என்பதன்று என் கருத்து. யோபின் 42 அதிகாரங்களையும் படித்தவருக்கு அந்த வசனம் முன்னைவிட ஆழமாகவே ஒலிக்கும். ஆனால் அதை மட்டும் அறிந்தவர் யோபின் நூலுக்கு நேர்மாறான ஒன்றை, அதாவது நல்லவனுக்கு நிச்சயம் செழிப்பு, துன்பப்படுகிறவன் நிச்சயம் குற்றவாளி என்ற கொள்கையை, யோபின் பெயராலேயே நம்பிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே இங்கே நான் பரிந்துரைக்கும் முறையின் அடிப்படை ஒன்றே: வாசிப்பின் அலகு வசனமாகவோ அதிகாரமாகவோ இருக்கலாகாது; நூலாக இருக்க வேண்டும். ஒரு நாளில் படிப்பது எவ்வளவு சிறிய பகுதியானாலும், அது எந்த நூலின் எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 66 நூல்கள் கொண்ட சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 73 நூல்கள் கொண்ட விவிலியத்தில் இன்னும் அதிகம். ஓராண்டில் முழுவதையும் முடிக்க விரும்புகிறவர் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் படித்தாக வேண்டும். ஜனவரி முதல் நாள் ஆதியாகமத்தில் தொடங்கும் பலர், யாத்திராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் தடுமாறி, லேவியராகமத்தில் நின்றுவிடுவதை எந்தச் சபையிலும் காணலாம். அவர்களுக்கு ஆர்வக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. வேகமும் வரிசையும் தொடக்க நிலை வாசகருக்குப் பொருந்தாதவை என்பதே காரணம். புதிய ஏற்பாட்டில் இருப்பவை 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள்கள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று படித்தால் சரியாக 52 வாரங்களில் அது முடியும். சனியும் ஞாயிறும் விட்டுப்போனதைப் படிக்கவும் சங்கீதங்களுக்கும் மீதமிருக்கும். முதல் ஆண்டுக்கு இது போதும்.

நேரம் எதுவாகவும் இருக்கலாம். அதிகாலை என்பது நம்முடைய மரபு; இரவுப் பணிக்குச் செல்கிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் அது விதியாகிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே நேரமாகவும், கூடுமானவரை அச்சிட்ட புத்தகமாகவும் இருப்பது நல்லது. கைபேசிச் செயலியில் ஒரு வசனத்தைத் தேடி எடுப்பது எளிது. பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி, ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரே பார்வையில் காண்பது அதில் கடினம். வாய்விட்டு வாசியுங்கள். புதிய ஏற்பாட்டிலுள்ள கடிதங்களான நிருபங்கள் சபையார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்படுவதற்கென்றே எழுதப்பட்டவை. சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. காதுக்கு இனிமையானது என்றாலும் அதன் நீண்ட வாக்கியங்கள் இன்று சில இடங்களில் பிடிபடுவதில்லை. அத்தகைய இடங்களில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பையோ வேறொரு புதிய மொழிபெயர்ப்பையோ அருகில் வைத்துக்கொள்வது விளக்கவுரையைத் திறப்பதைவிட விரைவான உதவி.

எந்த நூலில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மாற்கு சுவிசேஷத்தையே நான் சொல்வேன். 16 அதிகாரங்கள்தாம், ஒரே அமர்வில் வாய்விட்டுப் படித்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் நாள், ஒரு ஞாயிறு பிற்பகலில், அப்படியே முழுவதையும் படித்துவிடுங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். மறுநாள் முதல் பகுதி பகுதியாகத் திரும்பப் படிக்கும்போது, கதையின் போக்கு ஏற்கெனவே மனத்தில் இருக்கும். முதற்பாதி முழுவதும் இவர் யார் என்ற கேள்வியே எழுந்துகொண்டிருக்கிறது. படகில் இருந்த சீஷர்கள் அதை வெளிப்படையாகவே கேட்கிறார்கள் (4:41). 8:29-இல் பேதுரு பதில் சொல்கிறான். அதற்கு அடுத்து இயேசு தம்முடைய பாடுகளை மூன்று முறை முன்னறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33-34); மூன்று முறையும் சீஷர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் முறை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறான், இரண்டாம் முறை தங்களில் யார் பெரியவன் என்று வழியில் தர்க்கம்பண்ணுகிறார்கள், மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் வலதுபாரிசத்தையும் இடதுபாரிசத்தையும் கேட்கிறார்கள். இந்தப் பகுதி முழுவதற்கும் முன்னே பெத்சாயிதாவில் ஒரு குருடன் இரண்டு கட்டமாகப் பார்வை பெறுகிறான் (8:22-26); பின்னே எரிகோவில் பர்திமேயு பார்வை பெற்று அவருக்குப் பின்சென்று போகிறான் (10:46-52). மனுஷர்களை மரங்களைப்போலக் கண்ட அந்த முதல் குருடனின் அரைப்பார்வை, கிறிஸ்து என்று அறிக்கையிட்டும் சிலுவையை ஏற்க மறுத்த பேதுருவின் நிலையோடு ஒட்டிப் பேசுகிறது என்பது, இந்த மூன்று அதிகாரங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

மாற்கு ஒரு நிகழ்ச்சியின் நடுவில் இன்னொன்றை வைத்துச் சொல்வார். அத்திமரத்தைச் சபிப்பதும் (11:12-14), மறுநாள் அது பட்டுப்போயிருப்பதைக் காண்பதும் (11:20-21) இரு புறமும் நிற்க, நடுவில் தேவாலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்தும் காட்சி வருகிறது. அத்திமரத்தை மட்டும் படித்தால், பருவமல்லாத காலத்தில் கனி தேடிக் கோபங்கொண்டது போலத் தோன்றிக் குழப்பம் உண்டாகும். இலை நிறைந்தும் கனியற்ற மரம் நடுவிலிருக்கும் ஆலயத்துக்கே அடையாளம் என்று கண்டுகொண்டால் அது நீங்கும். யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வரும் ஐந்தாம் அதிகாரத்தையும், பேதுரு மறுதலிக்கும் பதினான்காம் அதிகாரத்தையும் இவ்வாறே நீங்களாகப் படித்துப் பாருங்கள். அதிகாரப் பிரிவுகளை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அவை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பர்; புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் அச்சகர் ரொபேர் எத்தியென் இட்டவை. மாற்கு 9:1 எட்டாம் அதிகாரத்தின் பேச்சுக்கு முடிவாகவே அமைந்திருக்கிறது. எட்டாம் அதிகாரத்தின் கடைசியில் நிறுத்தாமல் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூலின் கடைசியில், 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இல்லை என்ற அடிக்குறிப்பைச் சில பதிப்புகளில் காண்பீர்கள். அது கலங்குவதற்குரிய செய்தியன்று.

படிக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்பதை முதலில் ஓரிரு வரிகளில் எழுத வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது அடுத்தது. தேவனைக் குறித்து இப்பகுதி என்ன சொல்கிறது, அதைக் கேட்டவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பது மூன்றாவது. இவை மூன்றும் எழுதிய பிறகே, இன்றைக்கு எனக்கு என்ன என்ற கேள்விக்கு வர வேண்டும். பெரும்பாலோர் இந்தக் கடைசிக் கேள்வியில் தொடங்குகிறார்கள். தியான நூல்கள் பலவும் அப்படியே பழக்கிவிட்டன.

இம்முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் இதைப் பெறாத குடும்பம் அரிது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளைக் கர்த்தர் நினைத்திருக்கிறார் என்பது அதன் செய்தி. இருபத்தொன்பதாம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் யூதாவின் எகொனியா அரசனோடு சிறைப்பிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்கு, எருசலேமில் தங்கியிருந்த எரேமியா, சிதேக்கியா அரசன் அனுப்பிய தூதர்களின் கையில் கொடுத்தனுப்பியது. இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், பாபிலோனின் நுகம் முறிந்துவிடும் என்று ஆலயத்தில் அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையே கழற்றி உடைக்கிறான். மக்கள் கேட்க விரும்பியது அதைத்தான். எரேமியாவின் கடிதமோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெற்று அங்கே பெருகுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறது (29:5-7). பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்று கணக்கும் சொல்லிவிடுகிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் வயது வந்தோர் பெரும்பாலோர் திரும்பி வரப்போவதில்லை என்பதே அதன் பொருள். பதினோராம் வசனம் அதற்கு அடுத்து வருகிறது.

ஆக, இந்த ஆண்டே வேலை கிடைக்கும், வழக்கு முடியும் என்று சொல்வதற்கு இவ்வசனத்தை எடுத்தால், எரேமியாவின் வசனத்தைக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம். உள்ளபடியே வாசித்தாலோ, தன் காலத்தில் காணமுடியாத ஒரு நன்மைக்காக அந்நிய மண்ணில் தோட்டம் போடும்படி ஒரு சமுதாயத்தைத் தேற்றுகிற வசனமாக அது விரிகிறது. இதற்கு மேலும் செல்ல விரும்புகிறவர் 137-ஆம் சங்கீதத்தை இதே வாரத்தில் படிக்கலாம். அதே பாபிலோனில் அழுத மக்களின் பாடல் அது, அதன் கடைசி வசனத்தின் கொடிய வஞ்சினத்தை 29:7-க்கு எதிரே வைத்துப் பார்த்தால் கடிதம் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். தானியேல் 9:2-இல் தானியேல் இந்த எழுபது வருஷக் கணக்கைப் புத்தகங்களில் படித்து அறிந்துகொண்டதாகச் சொல்லிவிட்டு, வாக்குத்தத்தத்தைச் சுதந்தரிப்பதாக அறிவிக்காமல், இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறான். வேதத்துக்குள்ளேயே வேதம் வாசிக்கும் ஒருவனைக் காணும் அரிய இடங்களில் இது ஒன்று.

நிருபங்களை எப்போதும் முதலில் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். கடிதம் என்பது அப்படிப் படிப்பதற்குரியது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் நான்கே அதிகாரங்கள். கால் மணி நேரம் போதும். அதற்கு முன் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஐப் படித்துக்கொண்டால், லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் இருந்த சபைக்கு இது எழுதப்பட்டது என்பது மனத்தில் நிற்கும். எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்ற 4:13, தேர்வு எழுதுகிறவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரிய வசனமாகிவிட்டது. பவுல் கட்டப்பட்ட நிலையிலிருந்து அதை எழுதுகிறான், பட்டினியிலும் பரிபூரணத்திலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறான். அதேபோல் அப்போஸ்தலர் 17-க்குப் பின் தெசலோனிக்கேயருக்கு எழுதியவை, 18-க்குப் பின் கொரிந்தியருக்கு எழுதியவை என்று இணைத்துப் படிக்கலாம்.

சங்கீதங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கு போதும். 119-ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டெட்டு வசனங்களாக 22 நாள்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகளின் 31 அதிகாரங்களைத் தேதிக்கு ஒன்றாகப் படிப்பது பழைய வழக்கம். அவை பொதுவாக உண்மையாகும் அனுபவ மொழிகள், எந்த நாளும் தவறாத உறுதிமொழிகளல்ல என்பதை மறந்தால் பில்தாத்தின் வழியில் போய்விடுவோம்.

லேவியராகமத்துக்கு வரும்போது 27 அதிகாரங்களையும் வரிசையாகப் படிக்க முயலாமல், 16-ஆம் அதிகாரத்திலுள்ள பாவநிவாரண நாளையும் 19-ஆம் அதிகாரத்தையும் முதலில் படியுங்கள். பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை (19:18), அறுவடையின்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவைக்கச் சொல்லும் கட்டளைக்குச் சற்றுக் கீழேயே இருப்பதைக் காண்பீர்கள். மாற்கு 12:31-இல் இயேசு எடுத்துச் சொல்வது இதைத்தான். மீதியுள்ள பலிகளின் முறைகளை எபிரெயருக்கு எழுதிய நிருபம் படிக்கும் ஆண்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வம்ச வரலாறுகளை விரைந்து கடந்து போவதில் பாவமொன்றும் இல்லை.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டு மடங்காகப் படித்து ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அட்டவணைத் தேதியை நகர்த்திவிடுங்கள். விளக்கவுரைகளையும் போதகரின் ஒலிப்பதிவுகளையும், நோட்டுப் புத்தகத்தில் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே திறக்க வேண்டும். விளங்காதவற்றை ஓரத்தில் குறித்து வைத்து மாதம் ஒருமுறை குடும்ப ஜெபத்திலோ வேதப் படிப்புக் கூட்டத்திலோ கேளுங்கள். மாற்கு முடிந்ததும் அப்போஸ்தலர் நடபடிகளுக்குச் செல்லலாம். பழைய ஏற்பாட்டில் தொடங்க விரும்புகிறவர் ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தின் முதல் 24 அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னர் யோபுக்கு வரலாம்.