பழைய ஸ்டீரியோ அம்பில் ரீவிச் சத்தம் எடுப்பது எப்படி

போன மாதம் விசுவமடுவில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹோலில் பெரிய ரீவி, அதற்கு இரண்டு பக்கமும் நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, கீழே லண்டனிலிருந்து மச்சான் கப்பலில் போட்டுவிட்ட அம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டி. எல்லாம் இருந்தும் படம் ஓடும்போது சத்தம் ரீவியின் முதுகுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, பேணிக்குள் இருந்து கதைப்பது போல. “இதில எச்டிஎம்ஐ குத்த ஓட்டை இல்லையடா தம்பி, இது பாட்டுக்குத்தான், படத்துக்குச் சரிவராது” என்றார். எச்டிஎம்ஐ என்பது படமும் சத்தமும் ஒன்றாகப் போகிற வயர், அது இல்லாமலும் சரிவரும். இரண்டு ஸ்பீக்கர் அம்பை வைத்துக்கொண்டு, அது போதாதென்று ஐந்து ஸ்பீக்கர் செற்றுக்குக் காசு சேர்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வயரைத் தொடுவதற்கு முன்னால் அம்பைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். இலங்கையில் எங்கள் கரண்ட் 230 வோல்ட். இங்கிலாந்து, ஐரோப்பாச் சாமான் அப்படியே வேலை செய்யும். கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பான் பழைய சாமான் 100 வோல்ட். அதை நேரே சுவரில் குத்தினால் மணம்தான் வரும், பாட்டு வராது. வோல்ட் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்று இடையில் வேண்டும், அதன் வாட்ஸ் அம்பின் தகட்டில் உள்ளதைவிடத் தாராளமாகக் கூட இருக்கட்டும்.

இனி இணைப்பு. இதில் விளங்க வேண்டியது ஒன்றுதான்: படமும் சத்தமும் ஒரே வழியில் போக வேண்டியதில்லை. டிஷ் பெட்டி, டிவிடி பிளேயர், லப்டொப் எதுவானாலும் எச்டிஎம்ஐயில் ரீவிக்கே கொடுத்துவிடுங்கள், பிறகு ரீவியிலிருந்து சத்தத்தை மட்டும் ஒரு வயரில் அம்புக்குக் கொண்டு வாருங்கள். அப்படிச் செய்தால் எத்தனை பெட்டி மாற்றினாலும் அம்ப் பக்கம் கை வைக்கத் தேவையில்லை.

ரீவியின் பின்னால் ஹெட்போன் ஓட்டை இருந்தால் வேலை சுலபம். ஒரு பக்கம் ஹெட்போன் முனை, மறுபக்கம் சிவப்பு, வெள்ளை இரண்டு முனை உள்ள வயர் ஃபோன் கடையிலேயே கிடைக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. அம்பில் ஓக்ஸ், சிடி, ரேப் பிளே என்று எழுதியிருக்கும் எதில் குத்தினாலும் சரி, போனோவில் மட்டும் குத்தாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சத்தத்தைப் பெருக்குவதற்கென்றே இருக்கிற வாசல், ரீவியிலிருந்து வருவதோ அதைவிட நூறு மடங்குக்கு மேல். அதில் குத்திவிட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு, பார்த்தால் ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இல்லை. ரீவியின் சத்தத்தை முக்கால்வாசியில் விட்டுவிட்டு, கூட்டுவது குறைப்பதெல்லாம் அம்பில் செய்யுங்கள். ரீவியில் குறைத்து வைத்து அம்பில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

புது ரீவிகள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டை இல்லை, ஒப்டிகல் என்று சதுரமான சின்ன வாசல் இருக்கும். அதற்கு டாக் என்னும் சின்னப் பெட்டி வேண்டும். வெளிச்சமாக வருகிற டிஜிட்டல் சத்தத்தை அது சிவப்பு வெள்ளை வயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும். ஒப்டிகல் வயரின் இரண்டு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தெளிவான பிளாஸ்ரிக் மூடி இருக்கும், அதைக் கழற்ற மறந்துவிட்டு வயர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். ரீவிப் பக்கம் குத்தியதும் மறு நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் சரி. பிறகும் சத்தம் வராவிட்டால், அல்லது இரைச்சல் மட்டும் வந்தால், ரீவியின் சத்தச் செற்றிங்கில் டிஜிட்டல் அவுட் என்ற இடத்தைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று மாற்றுங்கள். டொல்பி அல்லது ஓட்டோவில் நின்றால் மலிவான டாக் பெட்டிகளுக்கு அது விளங்காது. சித்தப்பா வீட்டில் இணைத்தபோது வந்த தடங்கல் இதுதான்.

ஆட்கள் கதைப்பது கேட்கவில்லை, பாட்டும் வெடிச் சத்தமும்தான் பெரிதாகக் கேட்கிறது என்பதுதான் அதிகம் பேர் சொல்லும் குறை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி ரேடியோ கேட்ட எங்கள் அம்மம்மா, அன்றைக்கு ஒரு சொல் விடாமல் பிடித்தவ, இப்போது படம் பார்த்தால் வசனத்துக்கு வசனம் “என்னவாம் சொல்றான்?” என்று கேட்கிறா. காது மட்டும் காரணமல்ல. ஐந்து ஸ்பீக்கருக்கென்று கலந்த படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். அந்த நடுப்பங்கை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் சேர்க்கும்படி படம் ஓடுகிற பெட்டிக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது காணாமல் போய்விடும். பிளேயரின் சத்தச் செற்றிங்கில் ஸ்டீரியோ அல்லது இரண்டு சானல் என்பதைத் தெரியுங்கள், லப்டொப்பிலும் ஸ்பீக்கர் செற்றிங் ஸ்டீரியோவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றியதும் பேச்சு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், திரையிலிருந்தே வருவது போல வந்து நிற்கும்.

பழைய பிளேயரிலிருந்து சிவப்பு வெள்ளையை நேரே அம்புக்கும் கொடுக்கலாம்தான். ஆனால் ரீவி படத்தைச் சீராக்கிக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் சத்தம் முந்திவிடும், வாய் பிறகு அசையும். அதனால்தான் ரீவி வழியாக எடுக்கச் சொன்னேன். டிஷ் பெட்டியின் ஒற்றை ஓட்டையிலிருந்து மூன்று நிற வயர் (சிவப்பும் வெள்ளையும் சத்தம், மஞ்சள் படம்) எடுக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: எல்லா வயரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு ஸ்பீக்கரில் கரகரவென்று இரைந்தால் அதில் படம் வருகிறது என்று அர்த்தம், மஞ்சளோடு மாற்றிக் குத்திப் பாருங்கள்.

‘ம்ம்ம்’ என்று விடாமல் உறுமினால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் இரண்டு வழியால் சுற்றுகிறது. சிவப்பு வெள்ளை வயருக்கு நடுவில் போட்டு எர்த்தைப் பிரித்துவிடுகிற ஐசொலேட்டர் ஒன்று போதும், அல்லது ஒப்டிகலுக்கு மாறுங்கள், வெளிச்சத்தில் எர்த் வராது. லப்டொப் சார்ஜரும் மலிவான இன்வேட்டரும் இதே வேலையைக் காட்டும்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒன்றில் மாறிவிட்டால் பேஸ் என்னும் தடித்த அடிச்சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கும், பேச்சு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. நீங்கள் இருக்கும் தூரமும் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சின்ன ஸ்பீக்கர், அதாவது மேலே உள்ளது, காது உயரத்துக்கு வர வேண்டும், பாயில் இருந்து பார்க்கிற வீடென்றால் பெட்டியைப் பதிவாக வையுங்கள் அல்லது முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். சீமெந்து நிலமும் தகரக் கூரையும் சத்தத்தை எறிந்து விளையாடும், நிலத்தில் ஒரு பெரிய பாயும் சுவரில் தடித்த சேலைத் திரையும் போட்டாலே பேச்சு தெளியும்.

ஐப்பசி மழை தொடங்கினால் இடி முழக்கம் கிட்ட வரும்வரை காத்திருக்காதீர்கள். மேகம் கறுக்கிறபோதே அம்பின் பிளக்கையும் ரீவியின் பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, டிஷ் பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் வயரையும் கழற்றிச் சுவரோரம் போட்டுவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டிவிட்டு டிஷ் வயரை விட்டால் மின்னல் அந்த வழியால் வந்து பெட்டி, ரீவி, அம்ப் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோகும்.