பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே போச்சு? கார் ஷெட் டூல் பெட்டியை அடுக்கும் முறை

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், காலை ஆறரை மணி. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று இறுக்கினால் வேலை முடிந்தது என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஸ்பேனரைத் தேடியே நாற்பது நிமிடம் போய்விட்டது. என்னிடம் பத்தாம் நம்பர் மூன்று உண்டு, அன்றைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கடைசியில் வாயை அகட்டிச் சுருக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு அவசரத்தில் திருகி, நட்டின் முனைகளை மழுக்கி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனேன். மூன்றில் ஒன்று பிறகு கிடைத்தது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே டூல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. கடலூரில் வீடு, உப்புக் காற்று வரும் தூரம், ஷெட்டில் ஒரு காரும் இரண்டு பைக்கும், அப்புறம் மூடிய பட்டறை ஒன்றிலிருந்து வாங்கிய ஐந்து டிராயர் இரும்புப் பெட்டி. உங்களிடம் டிராயர் இல்லாமல், மேலே திறந்தால் தட்டுகள் படிப்படியாக விரியும் சாதாரணப் பெட்டி இருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் டூலை எடுப்பதற்கு வசதியாக அடுக்குகிறார்கள். ஆனால் அடுக்கு கலைவது எடுக்கும்போது இல்லை, வேலை முடிந்து, கையெல்லாம் கிரீஸாக, பசியோடு திரும்ப வைக்கும்போதுதான். அந்த நேரத்தில் யோசிக்காமல் வைக்க முடிகிற மாதிரி இடம் இருந்தால் பெட்டி தானாக ஒழுங்காக இருக்கும்.

1. எல்லாவற்றையும் வெளியே கொட்டுங்கள்

டிராயர் டிராயராகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஒரே நாளில் மொத்தமும் வெளியே வர வேண்டும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைத் தரையில் விரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தரையில் இறங்காது, சின்ன திருகாணி உருண்டு ஓடினாலும் தெரியும். பெட்டிக்குள் இருப்பது மட்டும் போதாது, சமையலறை அலமாரியில் இருக்கும் கட்டிங் பிளேயர், பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பேனர், டிவி ஸ்டாண்டுப் பின்னால் கிடக்கும் டெஸ்டர் எல்லாம் வர வேண்டும். எனக்கு டெஸ்டர் மட்டும் ஏழு வந்தது, அதில் நான்கில் பல்பு எரியவில்லை.

வகை பிரிக்கும்போதே கழித்துவிட வேண்டியவை சில உண்டு. வாய் விரிந்த ஸ்பேனர், நுனி உருண்டுபோன ஸ்க்ரூ டிரைவர் இரண்டும் நட்டையும் திருகாணியையும் கெடுக்கத்தான் உதவும். கைப்பிடி உறை வெடித்த கட்டிங் பிளேயரைக் கரண்ட் வேலைக்கு எடுக்கவே கூடாது. மேலே டேப் சுற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாத வீரம். இரும்பு உளியின் தலை சுத்தியல் அடி வாங்கி வாங்கிப் பூ மாதிரி விரிந்திருந்தால், அடிக்கும்போது அந்த ஓரம் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. தூக்கிப் போட வேண்டாம், சாணை பிடித்து ஓரத்தைச் சரிசெய்தால் போதும்.

நட்டு, போல்ட்டு, வாஷர், ஆணி, உடைந்த பிளக் எதுவும் டூல் கிடையாது. இவற்றுக்கு டிராயரில் இடம் கொடுத்தீர்களானால் ஆறு மாதத்தில் டூலுக்கு இடம் இருக்காது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுத் தனியாக ஷெல்ஃபில் வையுங்கள்.

2. துருவை எடுங்கள்

துருவோடு அடுக்குவதற்கு அடுக்காமலே இருக்கலாம். லேசான துருவுக்கு மண்ணெண்ணெயோ கொஞ்சம் டீசலோ துணியில் நனைத்துத் துடைத்து, ஒட்டிக்கொண்ட இடத்தில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். வெளியில் காற்றோட்டமாக உட்கார்ந்து செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். தடித்த துரு என்றால் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காய வைக்க வேண்டும். அந்தச் சோடாத் தண்ணீரை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் புளிப்பே மறுநாள் மீண்டும் துருவைக் கொண்டுவரும். மரப்பிடி போட்டதையும், குரோம் பூச்சுப் பளபளப்பவற்றையும் வினிகரில் போடாதீர்கள்.

காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு மேலோட்டமாக ஒரு துடைப்பு. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

நம் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை டூல்களைத் துடைக்க ஆயுத பூஜை என்று ஒரு நல்ல நாள் இருக்கிறது. அன்றைக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஈரம். பூஜை முடிந்ததும் அப்படியே பெட்டியில் போட்டு மூடினால் அடுத்த வருடம் அந்தப் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு இருக்கும். என் பைப் ரெஞ்ச்சில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது. மறுபூஜை முடித்து எடுக்கும்போதே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

3. எந்த டிராயரில் எது

கனமானது கீழே, அடிக்கடி எடுப்பது நெஞ்சு உயரத்துக்கும் இடுப்புக்கும் நடுவே, நாசூக்கானது மேலே. அடிப்படை இவ்வளவுதான். என் பெட்டியில் இப்படி இருக்கிறது:

மேல் டிராயரில் அளவு டேப்பு, ரசமட்டம், மூலைமட்டம், பென்சில், கட்டர், டெஸ்டர். இரண்டாவது முழுக்க ஸ்பேனர். மூன்றாவதில் சாக்கெட் (நட்டின் மேல் குல்லா மாதிரி மாட்டுவது), ராட்செட் (சாக்கெட்டைத் திருகும் கைப்பிடி), ஆலன் கீ (அறுகோணக் குழி போல்ட்டுக்கான வளைந்த சாவி). நான்காவதில் ஸ்க்ரூ டிரைவர், பிளேயர் வகைகள். அடியில் சுத்தியல், உளி, பைப் ரெஞ்ச், ஹாக்ஸா, அரம்.

அடியில் கனம் வைப்பது முதுகுக்காக மட்டும் இல்லை. கனமான டிராயர்கள் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் முழுக்க இழுத்தால் பெட்டியே முன்பக்கம் சாயும். சில பெட்டிகளில் ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று திறக்காதபடி பூட்டு இருக்கும், என்னுடையதில் இல்லை. சக்கரத்தின் பிரேக்கை அழுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு டிராயர் என்று பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டிச் சாவியை எடுத்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு டூலும் அதனதன் பள்ளத்தில் உட்கார டிராயரில் ஃபோம் ஷீட் விரிக்கலாம், ஆனால் இப்போதே அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நான் முதல் நாளே அழகாக வெட்டி ஒட்டிவிட்டேன், பத்தே நாளில் நோஸ் பிளேயர் இருக்கும் இடம் தப்பு, ராட்செட்டை எடுக்கக் கை வளைய வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது, ஷீட் வீண். பேப்பர் விரித்து, வெறுமனே அடுக்கி, பதினைந்து நாள் வேலை செய்து பாருங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கேதான் அந்த டூலின் இடம்.

4. ஸ்பேனர் டிராயர்: கொஞ்சம் நிதானமாக

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் குழப்பமே இங்கேதான். ஸ்பேனரில் அடித்திருக்கும் நம்பர் போல்ட்டின் தடிமன் இல்லை, போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அகலம், மில்லிமீட்டரில். அதனால்தான் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர் கேட்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் பெரும்பாலும் 13, ஜப்பான் அளவில் வரும் வண்டிகளில் 12. வீட்டு வண்டி வேலையில் திரும்பத் திரும்பக் கைக்கு வருவது 10, 12, 13, 14, 17 இவ்வளவுதான்.

கடையில் கிடைக்கும் எட்டு ஸ்பேனர் செட்டில் வழக்கமாக 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று இரண்டு வாய் இருக்கும். இடமிருந்து வலமாகச் சின்னதிலிருந்து பெரியதாக வையுங்கள், அதுவும் எல்லாச் சின்ன நம்பர் வாயும் ஒரே பக்கம் பார்த்தபடி. வாய் வளையமாக மூடியிருக்கும் ரிங் ஸ்பேனரைத் தனி வரிசையாக வைக்காமல் அதே நம்பர் திறந்த வாய் டபுள் எண்ட் ஸ்பேனருக்குப் பக்கத்திலேயே வைப்பது என் பழக்கம், ஏனென்றால் ஒரே போல்ட்டைப் பிடிக்க ஒன்று, நட்டைத் திருக ஒன்று என்று இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அழகு பார்ப்பவர்கள் இதைத் திட்டுவார்கள்.

நம்பர் தெரியவில்லையா? வெள்ளை நகப்பூச்சை அந்தக் குழிந்த எழுத்தின் மேல் தடவி, முழுதாகக் காய்வதற்குள் மேற்பரப்பை மட்டும் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடையுங்கள். பள்ளத்துக்குள் மட்டும் வெள்ளை நிற்கும், மங்கல் வெளிச்சத்திலும் 10 பத்தாகவே தெரியும். என் வீட்டில் அந்த நகப்பூச்சுப் பாட்டில் இப்போது நிரந்தரமாக மேல் டிராயரில்தான் இருக்கிறது. அதற்கு நான் வேறு பாட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

சாக்கெட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: கால் அங்குல ராட்செட்டுக்கான சாக்கெட்டும் அரை அங்குலத்துக்கானதும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. நம்பர் ஒன்றாக இருக்கும், பின்பக்கச் சதுர ஓட்டை பொருந்தாது.

5. ஃபோம் வெட்டுவது

கடையில் ஈவிஏ ஃபோம் ஷீட் என்று கேளுங்கள். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் அல்லது சிவப்பு என்று இரண்டு நிறத்தில் வாங்கினால் எந்த டூல் இல்லையோ அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும், பெட்டியை மூடுமுன் ஒரு பார்வை போதும். மெத்தைப் பஞ்சு, சோபா ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு டூலின் அடிவயிற்றில் துருப்பிடிக்க வைக்கும். ஈவிஏ தண்ணீரை உள்ளே விடாது.

டூலைக் கறுப்பு ஷீட்டின் மேல் வைத்து, வெள்ளைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். புது பிளேடு போட்ட கட்டரால், ஒரே அழுத்தில் வெட்டாமல், நாலைந்து முறை லேசாக ஓட்டுங்கள். அழுத்தினால் கத்தி சாய்ந்து கீழ்ப்பக்கம் கோணலாகிவிடும். வெட்டிய கறுப்பை, ஓட்டை இல்லாத மஞ்சளின் மேல் செருப்புக் கடை ரப்பர் பசையால் ஒட்டினால் முடிந்தது. கறுப்பு ஷீட்டின் தடிமன் டூலின் பாதி உயரம் இருந்தால் போதும், முழுக்கப் புதைந்தால் எடுக்க வராது.

எல்லோரும் மறந்துபோவது விரல் பள்ளம். ஒவ்வொரு டூலின் நடுவிலும் இரண்டு பக்கமும் அரைவட்டமாக, ஒரு ரூபாய் நாணயத்தைப் பாதி வைத்தது போல, வெட்டிவிடுங்கள். இது இல்லாவிட்டால் கிரீஸ் கையோடு ஸ்பேனரை நகத்தால் நோண்டிக்கொண்டு இருக்க வேண்டும், இரண்டு நாளில் வெறுத்துப் போய் எல்லாவற்றையும் மேலாகவே போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

செலவு வேண்டாம் என்றால் தச்சுக் கடையில் மிச்சம் கிடக்கும் ரீப்பர் கட்டையில் ரம்பத்தால் வரிசையாகப் பள்ளம் போட்டு அதில் ஸ்பேனரை நிறுத்தலாம். முக்கால் அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்தால் ஸ்க்ரூ டிரைவருக்குத் தொட்டில். பழைய கார் மேட்டை வெட்டி டிராயரில் விரித்தாலே டூல் வழுக்கி முன்னும் பின்னும் ஓடுவது நின்றுவிடும்.

6. கீழ் டிராயரும் ஈரமும்

அரத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள், பல்லோடு பல் உரசி மழுங்கிவிடும். துணியில் தனித்தனியாகச் சுருட்டி வையுங்கள். மரவேலை உளியின் முனைக்குப் பழைய பெட்ரோல் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி மாட்டினால் முனையும் பிழைக்கும், உங்கள் விரலும் பிழைக்கும். ஹாக்ஸா பிரேமின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். வேண்டிய இறுக்கம் வந்ததும் கிளிக் சத்தம் தரும் டார்க் ரெஞ்ச் வைத்திருந்தால், அளவுகோலில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அதற்கும் கீழே திருகக் கூடாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியை நேரடியாகச் சிமெண்ட் தரையில் வைக்க வேண்டாம், சக்கரம் இல்லையென்றால் பலகை போடுங்கள், மழையில் கசியும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஷூ டப்பாவில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் டிராயருக்கு இரண்டு போடுங்கள். நிறம் மாறும் ஜெல் மணி கிடைத்தால் இன்னும் நல்லது: நீலம் ரோஸாகிவிட்டால் அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

7. இரவல்

அடுக்கி முடித்த பெட்டிக்குப் பெரிய எதிரி துரு இல்லை, "அண்ணா, ஒரு நிமிஷம் அந்த ஸ்பேனர் குடுங்க" தான். இல்லை என்று சொல்லவும் முடியாது. நான் பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டி மேல் டிராயரில் வைத்திருக்கிறேன். டூல் வெளியே போனால் யார், என்றைக்கு என்று எழுதி அந்தப் பள்ளத்திலேயே சொருகிவிடுவது. மாடிக்கு நானே எடுத்துப் போனாலும் சீட்டு உண்டு. இதை எழுதும்போது 12-13 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு நிற்கிறது: "எதிர்வீடு, வியாழன்." இன்று செவ்வாய். சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும்.