குளிரில் பட்டி காயவில்லையா? மலையில் டிங்கர் வேலை பழகுவோருக்கு

கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும்வரை நீலகிரியில் டிங்கர் வேலைக்கு, அதாவது அடிபட்ட வண்டியின் தகட்டைச் சீராக்கும் வேலைக்கு, பஞ்சம் வராது. ஐடிஐயில் ஆட்டோ பாடி ரிப்பேர், ஆட்டோ பாடி பெயிண்டிங் என ஓராண்டுத் தொழிற்பிரிவுகள் உண்டு. எல்லா ஐடிஐயிலும் இருக்காது, விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேரச் சான்றிதழ் உதவும். கை பழகுவது பட்டறையில்தான். காயலான் கடையில் ஒரு பழைய கதவை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தொடங்குவோம்.

படி 1: ஒடுக்கு எடுப்பது

குழிக்குப் பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) அழுத்திப் பிடித்து, முன்பக்கம் மேடாக எழும்பிய விளிம்பைச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு தொளதொளத்துவிடும். துணிக் கையுறை போட்ட உள்ளங்கையால் தடவினால், கண்ணுக்குத் தெரியாத மேடும் தட்டுப்படும். உறிஞ்சி இழுக்கும் ரப்பர் கப்பில் பணத்தைப் போடாதீர்கள். நல்ல சுத்தியும் இரண்டு டாலியும் போதும். சேஸிஸ் வளைந்த வண்டி வந்தால் நீங்கள் தொடவே வேண்டாம், மேஸ்திரியிடம் விடுங்கள்.

படி 2: பட்டி

தட்டிய பிறகும் மிஞ்சும் பள்ளத்தை நிரப்பும் பசைதான் பட்டி. புதிதாகப் பழகுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 100 கிராம் பட்டிக்கு அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஏறத்தாழ 2 கிராம் என்பது கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மார்கழியில் இந்தக் கணக்குப்படி கலந்தாலும் வெகுநேரம் பிசுபிசுக்கும். உடனே ஹார்டனரைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் சீக்கிரம் இறுகுவது உண்மைதான். ஆனால் மிஞ்சிய ஹார்டனர் பெயிண்ட் வழியாகக் கசிந்து திட்டுத் திட்டாக நிறத்தைக் கெடுக்கும்.

கூட்ட வேண்டியது சூட்டை. பட்டி டப்பாவை முந்தைய நாளே வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஹாலஜன் விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை வண்டித் தகட்டைச் சூடேற்றுங்கள். தின்னர் டப்பா அருகில் இருக்கக் கூடாது. கலப்பதற்கு அட்டை வேண்டாம், அது பட்டியின் ரெசினைக் குடித்துவிடும். வழவழப்பான வேறொரு தகட்டில், வரி வரியாக நிறம் தெரியாத வரை கலந்து, பள்ளத்தில் 3 மி.மீ.க்கு மிகாமல் பூசுங்கள். பிறகு ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்: வெண்தூள் உதிர்ந்தால் தேய்க்கலாம், நகத்தில் ஒட்டினால் காத்திருங்கள்.

படி 3: தேய்ப்பும் பெயிண்டும்

80, 180, 320 என்ற வரிசையில் உப்புத்தாள். பிறகு பிரைமர். மூடுபனி இறங்கிய நாளில் ஸ்ப்ரே கன்னை எடுக்காதீர்கள். காலையில் கம்ப்ரசர் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பளபளப்புக்காகக் கடைசியில் அடிக்கும், ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது நுரையீரலைப் பிடித்தால் விடாது. கைக்குட்டை கட்டி அடிப்பது வீரமல்ல. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடிதான் சரி. அது இல்லாத பட்டறையில் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒருவர், பெயிண்ட் அடித்த சில வாரங்களில் கொப்புளம் கிளம்பியதாக எழுதியிருந்தார். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கிறார். பட்டி தண்ணீரை உறிஞ்சும்; அடியில் தகடு துருப்பிடிக்கும். பட்டிக்கு உலர் தேய்ப்பு மட்டுமே. தண்ணீர் பிரைமருக்குப் பிறகு. அவர் அந்த இடத்தைத் தகடு வரை சுரண்டி, படி 2இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.