ஐபி முகவரிக்கு எப்போது தடை போடுவது?

பெங்களூர்த் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் மீடியாவிக்கித் தளத்தில் (விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருள்) புதிதாக நிருவாகி ஆனவர்களுக்காக இது. கணக்கில் நுழையாமல் தொகுப்பவரை அவருடைய இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். தடை என்பது தண்டனை கிடையாது. இப்போது நடந்துகொண்டிருக்கும் நாசத்தை நிறுத்தும் கருவி, அவ்வளவுதான்.

1. முதலில் வேறுபாட்டை, அதாவது தொகுப்புக்கு முன்னும் பின்னும் பக்கத்தில் என்ன மாறியது என்பதை, பாருங்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. ஒருவர் 2009ஐ 2019 ஆக்கியிருந்தால் கைத்தவறாக இருக்கலாம். அதே முகவரி அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் மூன்று பக்கங்களில் ஆண்டை மாற்றியிருந்தால் விசமம்தான். கெட்ட வார்த்தை உடனே கண்ணில் படும். மாற்றிய எண் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் எண்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

2. பக்கத்தைப் பழையபடி மீளமைத்து, அந்த முகவரியின் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள். 'அஅஅ' என்று தட்டிப் பார்த்தவருக்கு மணல்தொட்டியை (தொகுத்துப் பழகும் பக்கம்) காட்டினால் போதும். இரண்டு மூன்று எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தால் மட்டுமே தடை. கடைசித் தொகுப்பு நேற்று நடந்ததென்றால் விட்டுவிடுங்கள். அந்த முகவரி இன்று வேறொருவர் கையில் இருக்கலாம்.

3. கால அளவில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மொபைல் இணைப்பு, பிஜி விடுதி வைஃபை, ஐடி அலுவலகம் என்றால் ஒரே ஐபிவி4 (பழைய வகை) முகவரிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள். பள்ளி முகவரிக்கு 24 மணி நேரத் தடை போட்டால், மறுநாள் அதே இடைவேளையில் மாணவர் கணினி முன் உட்காரும்போது சரியாக முடிந்துவிடும். 31 மணி நேரம் போட்டால் அந்த வேளையும் கடந்துவிடும். அதே பள்ளி முகவரியின் தடைப் பதிவேட்டில் பல தடைகள் இருந்தால் மாதக்கணக்கில் நீட்டலாம். முடிவிலித் தடையை மட்டும் ஐபிக்குப் போடாதீர்கள். ஐபிவி6 (புதிய, நீளமான வகை) என்றால் தனி முகவரியைத் தடுத்துப் பயனில்லை, அது மாறிக்கொண்டே இருக்கும். /64 வீச்சை, அதாவது முதல் பாதி ஒன்றாக உள்ள எல்லா முகவரிகளையும், தடுங்கள். பெரும்பாலும் அது ஒரு வீடு அல்லது ஒரு போன்.

4. தடைப் படிவத்தில் கணக்குத் தொடங்குவதைத் தடுங்கள். உள்நுழைந்த பயனர்களைத் தடுக்கும் பெட்டியில் குறி வைக்காதீர்கள். வைத்தால் அதே அலுவலகத்தின் நல்ல பங்களிப்பாளரும் மாட்டிக்கொள்வார். பேச்சுப் பக்கத்தைத் திறந்தே வையுங்கள், முறையிடத் தடைபட்டவருக்கு வேறு வழி இல்லை.

காவிரித் தீர்ப்பு நாட்களில் பத்து முகவரிகள் ஒரே பக்கத்தை மொய்த்தால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம், கணக்கில்லாதவர்கள் தொகுக்க முடியாதபடி பக்கத்தைச் சில நாள் பாதுகாத்துவிடுங்கள். பெங்களூர் என்பதை ஒருவர் பெங்களூரு என்று மாற்றிக்கொண்டே இருந்தால்? 2014 நவம்பர் 1 முதல் அரசு ஏட்டில் அதுதான் பெயர். அது விசமம் அல்ல, கருத்து வேறுபாடு. பேச்சுப் பக்கத்துக்குக் கூப்பிடுங்கள்.